இந்தியாவில் சாலை விபத்து இறப்புகளும் காயங்களும்: நீண்டகாலப் போக்குகள்

இந்தியாவில் சாலை விபத்துகளால் ஏற்படும் இறப்புகள், காயங்கள் பற்றிய புள்ளிவிவரங்களை ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறது. இவற்றின்படி 1970 ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் ஏறத்தாழ 14,500 பேர். 2022 ஆம் ஆண்டில் இந்த எண்ணிக்கை 1,68,491 ஆக உயர்ந்தது. நாளொன்றுக்குச் சராசரியாக 462 பேர் இறந்தனர் என்பது இதன் பொருள். ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் இறப்புகள் ஏறக்குறைய 12 மடங்கு பெருகியுள்ளன.

இதே காலத்தில் காயமடைந்தோர் எண்ணிக்கையும் உயர்ந்தது. ஆனால் 2010க்குப் பிறகு இவ்விரண்டும் எதிரெதிர்த் திசைகளில் செல்கின்றன. 2010க்கும் 2022க்கும் இடையில் இறப்புகள் சுமார் 25 விழுக்காடு உயர்ந்தன. பதிவான காயங்களோ 16 விழுக்காடு குறைந்தன. இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ள, எண்கள் எவ்வாறு திரட்டப்படுகின்றன, எவை விடுபட்டுப் போகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியுள்ளது.

தரவுகள் தொகுக்கப்படும் முறை

இந்தியாவில் சாலை விபத்துத் தரவுகளின் அடிப்படை காவல் நிலையத்தில் பதியப்படும் முதல் தகவல் அறிக்கை ஆகும். மாநிலக் காவல் துறைகள் இவற்றைத் தொகுத்து அமைச்சகத்துக்கு அனுப்புகின்றன. அமைச்சகத்தின் போக்குவரத்து ஆய்வுப் பிரிவு இவற்றைக் கொண்டு ஆண்டறிக்கை தயாரிக்கிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகமும் தற்செயல் இறப்புகள் பற்றிய தனது அறிக்கையில் சாலை விபத்து இறப்புகளைத் தனியாக வெளியிடுகிறது. இரு வெளியீடுகளின் எண்களும் எப்போதும் ஒத்திருப்பதில்லை.

விபத்து நடந்த 30 நாட்களுக்குள் அதன் காரணமாக ஒருவர் இறந்தால் அது சாலை விபத்து இறப்பாகக் கணக்கிடப்படுகிறது. பல நாடுகள் பின்பற்றும் வரையறையும் இதுவே. காயங்கள் கொடுங்காயம், சிறுகாயம் என இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன. எலும்பு முறிவு, நிரந்தரப் பார்வை இழப்பு, உறுப்பு இழப்பு, உயிருக்கு ஆபத்தான காயம் போன்றவை குற்றவியல் சட்டத்தின்படி கொடுங்காயங்கள் ஆகும். எனவே காயத்தின் கடுமை மருத்துவ அளவுகோலால் அன்றிச் சட்ட வரையறையால் முடிவு செய்யப்படுகிறது.

விபத்து நடந்தவுடன் காயம் என்று பதியப்பட்ட ஒரு வழக்கில், அந்த நபர் சில நாட்கள் கழித்து மருத்துவமனையில் இறந்துவிட்டால் வழக்கின் சட்டப்பிரிவு மாற்றப்பட வேண்டும். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 337 அல்லது 338 ஆம் பிரிவிலிருந்து 304அ பிரிவுக்கு வழக்கு மாற்றப்பட்டது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் உயிரிழப்புக்கு உரியது 106 ஆம் பிரிவு. வழக்கில் செய்யப்படும் இந்த மாற்றம் புள்ளிவிவரப் பதிவேட்டிலும் செய்யப்பட வேண்டும். அவ்வாறு செய்யப்படாவிட்டால் இறந்தவர் புள்ளிவிவரத்தில் காயமடைந்தவராகவே நீடிப்பார்.

ஐம்பது ஆண்டுப் போக்கு

கீழுள்ள அட்டவணை தேர்ந்தெடுத்த ஆண்டுகளின் எண்களைத் தருகிறது. 1970, 1980, 1990 ஆகிய ஆண்டுகளின் எண்கள் நூற்றுக்கு முழுமையாக்கப்பட்டவை. 2020க்குப் பின்னர் திருத்தி வெளியிடப்பட்ட எண் தரப்பட்டுள்ளது.

| ஆண்டு | விபத்துகள் | இறந்தோர் | காயமடைந்தோர் | 100 விபத்துகளுக்கு இறப்பு | ஓர் இறப்புக்குக் காயமடைந்தோர் |
|---|---|---|---|---|---|
| 1970 | 1,14,100 | 14,500 | 70,100 | 12.7 | 4.8 |
| 1980 | 1,53,200 | 24,000 | 1,09,100 | 15.7 | 4.5 |
| 1990 | 2,82,600 | 54,100 | 2,44,100 | 19.1 | 4.5 |
| 2000 | 3,91,449 | 78,911 | 3,99,265 | 20.2 | 5.1 |
| 2010 | 4,99,628 | 1,34,513 | 5,27,512 | 26.9 | 3.9 |
| 2015 | 5,01,423 | 1,46,133 | 5,00,279 | 29.1 | 3.4 |
| 2020 | 3,72,181 | 1,38,383 | 3,46,747 | 37.2 | 2.5 |
| 2022 | 4,61,312 | 1,68,491 | 4,43,366 | 36.5 | 2.6 |

இறப்புகளின் வளர்ச்சி எல்லாப் பத்தாண்டுகளிலும் ஒரே வேகத்தில் இருக்கவில்லை. 1970களில் ஆண்டுக்குச் சராசரியாக 5 விழுக்காடு அளவில் உயர்ந்த இறப்புகள், 1980களில் 8 விழுக்காட்டுக்கும் அதிகமான வேகத்தில் உயர்ந்தன. இருசக்கர வாகனங்களும் மகிழுந்துகளும் நடுத்தரக் குடும்பங்களை எட்டத் தொடங்கிய காலம் அது. மாருதி 800 மகிழுந்து 1983 திசம்பரில் அறிமுகமானது. 1990களில் இறப்புகளின் வேகம் ஆண்டுக்கு 4 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே தணிந்தது.

2000க்கும் 2010க்கும் இடையில் இறப்புகள் மீண்டும் ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தன. தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு பெருநகரங்களை இணைக்கும் 5,846 கிலோமீட்டர் நீளமுள்ள தங்க நாற்கரச் சாலையின் பெரும்பகுதி உருவானது இந்தக் காலத்தில்தான். வாகனங்களின் எண்ணிக்கையுடன் அவற்றின் வேகமும் கூடியது.

2010க்குப் பிறகு உயர்வின் வேகம் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கும் குறைவாக மட்டுப்பட்டது. 2011 முதல் 2014 வரை இறப்புகள் 1,37,000க்கும் 1,43,000க்கும் இடையில் நின்றன. 2020இல் கொரோனா ஊரடங்கால் வாகனப் போக்குவரத்து பெரிதும் முடங்கியபோது இறப்புகள் குறைந்தன. அந்தக் குறைவு நிலைக்கவில்லை. 2022இல் அதுவரை பதிவானவற்றிலேயே மிக உயர்ந்த எண் எட்டப்பட்டது. 2023இல் அதுவும் கடக்கப்பட்டு இறப்புகள் 1,72,000ஐத் தாண்டின.

வாகனங்களுடனும் மக்கள்தொகையுடனும் ஒப்பீடு

மொத்த எண்ணிக்கையை மட்டும் கொண்டு சாலைகள் ஆபத்தானவையாக மாறியுள்ளனவா, பாதுகாப்பானவையாக மாறியுள்ளனவா என்று கூற முடியாது. எனவே இறப்புகளை வாகனங்களின் எண்ணிக்கையோடும் மக்கள்தொகையோடும் ஒப்பிடுவது வழக்கம். இந்தியாவைப் பொறுத்தவரை இவ்விரு ஒப்பீடுகளும் முற்றிலும் மாறுபட்ட முடிவுகளைத் தருகின்றன.

1970இல் நாட்டில் பதிவு செய்யப்பட்ட மோட்டார் வாகனங்கள் 14 லட்சம் மட்டுமே. 2010இல் இது 12.77 கோடியாகவும் 2015இல் 21 கோடியாகவும் பெருகியது. ஆகவே 10,000 வாகனங்களுக்கு ஏற்படும் இறப்புகள் 1970இல் ஏறக்குறைய 103 ஆக இருந்து, 2000இல் 16 ஆகவும், 2015இல் 7 ஆகவும் குறைந்தன. வாகனப் பெருக்கம் அதிகரிக்கும்போது ஒரு வாகனத்துக்கான இறப்பு வீதம் குறையும் என்பதை, பிரித்தானியப் புள்ளியியலாளர் ஆர். ஜே. சுமீடு 1949 ஆம் ஆண்டிலேயே பல நாடுகளின் தரவுகளைக் கொண்டு சுட்டிக்காட்டினார். இந்தப் போக்கு சுமீடு விதி என அறியப்படுகிறது. இந்தியாவில் காணப்படும் சரிவும் இந்த வகையைச் சேர்ந்ததே. பதிவு செய்யப்பட்ட வாகனங்களின் பட்டியலில் பயன்பாட்டில் இல்லாத பழைய வாகனங்களும் இடம்பெறுவதால், உண்மையான சரிவு காகிதத்தில் தெரிவதைவிடக் குறைவு.

மக்கள்தொகையுடன் ஒப்பிடும்போது படம் தலைகீழாகிறது. ஒரு லட்சம் மக்களுக்கு ஏற்பட்ட இறப்பு 1970இல் சுமார் 2.7, 2010இல் சுமார் 11, 2022இல் சுமார் 12. ஒரு வாகனத்தால் ஏற்படும் ஆபத்து குறைந்திருந்தாலும், ஓர் இந்தியக் குடிமகன் சாலையில் உயிரிழக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் கூடியுள்ளது. பொதுச் சுகாதார நோக்கில் பிற நோய்களோடு ஒப்பிடுவதற்கு உகந்தது இந்த இரண்டாவது அளவீடே ஆகும்.

காயங்களின் எண்ணிக்கை ஏன் குறைகிறது?

2010க்குப் பிறகு காயமடைந்தோர் எண்ணிக்கை குறைந்ததற்கு இரு விளக்கங்கள் சாத்தியம். விபத்துகள் முன்பைவிடக் கொடியவையாக மாறியிருக்கலாம். அல்லது காயங்கள் முன்பைவிடக் குறைவாகப் பதிவாகலாம்.

முதல் விளக்கத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஓடும் வாகனத்தின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது அதன் ஆற்றல் நான்கு மடங்காகிறது. நெடுஞ்சாலைகள் அகலமாகி வேகம் கூடும்போது, முன்பு காயத்தோடு முடிந்திருக்கக்கூடிய மோதல் உயிரிழப்பில் முடிகிறது.

ஆயினும் இது மட்டுமே போதிய விளக்கம் ஆகாது. 2022இல் இந்தியாவில் ஓர் இறப்புக்கு 2.6 பேர் காயமடைந்ததாகப் பதிவு காட்டுகிறது. அதே ஆண்டில் இங்கிலாந்து, வேல்சு, இசுக்காட்லாந்து ஆகியவை அடங்கிய பெரிய பிரித்தானியாவில் 1,711 பேர் இறந்தனர். இறந்தோரும் காயமடைந்தோருமாகப் பாதிக்கப்பட்டோர் 1,35,480 பேர். அதாவது ஓர் இறப்புக்குச் சுமார் 78 பேர் காயமடைந்தனர். வாகன வகைகளிலும் சிகிச்சை வசதிகளிலும் உள்ள வேறுபாடுகளால் மட்டும் இவ்வளவு பெரிய இடைவெளி ஏற்பட முடியாது. இந்தியாவில் காயமடைவோரில் பெரும்பாலோர் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை என்பதையே இது காட்டுகிறது.

காயங்கள் பதிவாகாமல் போவதற்குப் பல காரணங்கள் உள்ளன:

- சிறு விபத்துகளில் இரு தரப்பினரும் அந்த இடத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்கின்றனர்.
- இருசக்கர வாகனம் தானே சறுக்கி விழும் விபத்தில் எதிர்த்தரப்பு இல்லாததால் பலர் புகார் அளிப்பதில்லை.
- காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டியிருக்கும் என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது.
- மருத்துவமனைப் பதிவேடுகளும் காவல் துறைப் பதிவேடுகளும் நெடுங்காலம் ஒன்றோடொன்று இணைக்கப்படாமல் தனித்தனியாக இருந்தன.

பதிவாகாத காயத்தின் விளைவு புள்ளிவிவரத்தோடு நின்றுவிடுவதில்லை. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோருபவருக்கு முதல் தகவல் அறிக்கை ஒரு முக்கிய ஆவணம். கால் முறிந்து பல மாதங்கள் வேலைக்குச் செல்ல முடியாத ஒரு கூலித் தொழிலாளியின் விபத்து பதிவாகாமல் போனால், அவரது குடும்பம் இழப்பீட்டைப் பெறுவது கடினமாகிறது. எலும்பு முறிவுச் சிகிச்சை, மறுவாழ்வு மையங்கள் ஆகியவற்றுக்கான தேவையும் உண்மையைவிடக் குறைவாக மதிப்பிடப்படுகிறது.

இறப்புகளும் முழுமையாகப் பதிவாவதில்லை என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. 2016 ஆம் ஆண்டில் இந்தியா அறிவித்த இறப்புகள் 1,50,785. அமைப்பின் மதிப்பீடு 2,99,091. 2021 ஆம் ஆண்டுக்கு இந்தியா அறிவித்தது 1,53,972, மதிப்பீடு 2,16,618. இரு ஆண்டுகளிலும் மதிப்பீடு அதிகாரபூர்வ எண்ணைவிட வெகுவாக உயர்ந்துள்ளது.

மாநிலங்களுக்கிடையிலான வேறுபாடுகள்

பதிவு முறையின் வேறுபாட்டை மாநில வாரியான எண்கள் தெளிவாகக் காட்டுகின்றன. 2022இல் நாட்டிலேயே அதிகமான விபத்துகள் (64,105) தமிழ்நாட்டில் பதிவாயின. அதிகமான இறப்புகள் (22,595) உத்தரப் பிரதேசத்தில் பதிவாயின. 17,884 இறப்புகளுடன் தமிழ்நாடு இரண்டாம் இடத்தில் இருந்தது.

| மாநிலம் (2022) | விபத்துகள் | இறந்தோர் | 100 விபத்துகளுக்கு இறப்பு |
|---|---|---|---|
| கேரளம் | 43,910 | 4,317 | 9.8 |
| தமிழ்நாடு | 64,105 | 17,884 | 27.9 |
| உத்தரப் பிரதேசம் | 41,746 | 22,595 | 54.1 |
| பீகார் | 10,801 | 8,898 | 82.4 |

பீகாரில் 100 விபத்துகளில் 82 பேர் இறக்கின்றனர், கேரளத்தில் 10 பேர் மட்டுமே இறக்கின்றனர் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறாகும். பீகாரைவிட மக்கள்தொகையில் பல மடங்கு சிறிய கேரளத்தில் நான்கு மடங்கு அதிகமான விபத்துகள் பதிவாகியுள்ளன. சிறு காயம் ஏற்பட்ட விபத்துகளும் கேரளத்தில் பெருமளவில் பதிவேட்டுக்கு வருகின்றன. பீகாரில் உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளே பெரும்பாலும் பதிவாகின்றன.

எனவே "விபத்துகளில் முதலிடம்" என்று ஒரு மாநிலத்தைக் குறிப்பிடுவது அம்மாநிலச் சாலைகளின் நிலையைப் போலவே அதன் பதிவு முறையின் நிலையையும் குறிக்கிறது. இதைக் கொண்டு தமிழ்நாட்டின் சாலைகள் பாதுகாப்பானவை என்ற முடிவுக்கும் வர முடியாது. ஒரு லட்சம் மக்களுக்கு ஏற்பட்ட இறப்பு 2022இல் கேரளத்தில் சுமார் 12. இது நாட்டின் சராசரியை ஒத்தது. தமிழ்நாட்டில் அது சுமார் 23. இறப்புகள் காயங்களைவிட முழுமையாகப் பதிவாவதால், மாநிலங்களை ஒப்பிடுவதற்கு விபத்து எண்ணிக்கையைவிட இந்த வீதமே நம்பகமானது.

தமிழ்நாட்டின் திருத்தப்பட்ட எண்கள்

2016 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 71,431 விபத்துகளில் 17,218 பேர் இறந்தனர். அதன் பின்னர் வெளியான அறிக்கைகளில் இறப்புகள் வேகமாகக் குறைந்தன. 2019 ஆம் ஆண்டுக்கு 10,525 இறப்புகளும் 2020 ஆம் ஆண்டுக்கு 8,059 இறப்புகளும் காட்டப்பட்டன. நாட்டின் பிற மாநிலங்களுக்கு முன்னுதாரணமாக இந்தச் சரிவு பேசப்பட்டது.

பின்னர் இந்த எண்கள் திருத்தப்பட்டன. திருத்தத்தின்படி 2019இல் தமிழ்நாட்டில் இறந்தோர் 18,129 பேர். 2020இல் 14,527 பேர். இதன் விளைவாக இந்தியாவின் மொத்த எண்களும் மாறின. 2019 ஆம் ஆண்டுக்கான இறப்புகள் 1,51,113 என்பதிலிருந்து 1,58,984 ஆகவும், 2020 ஆம் ஆண்டுக்கான இறப்புகள் 1,31,714 என்பதிலிருந்து 1,38,383 ஆகவும் உயர்ந்தன. நாட்டளவில் நேர்ந்த இந்த உயர்வின் மிகப் பெரும்பகுதி ஒரே மாநிலத்தின் திருத்தத்தால் ஏற்பட்டது.

2016க்கும் 2019க்கும் இடையில் இறப்புகள் குறையவில்லை, சற்று உயர்ந்தன என்பதே திருத்தப்பட்ட எண்கள் தரும் செய்தி. கடந்த ஆண்டுகளின் அறிக்கைகளை அடிப்படையாகக் கொண்டு எழுதப்பட்ட ஆய்வுகளையும் செய்திகளையும் படிப்பவர்கள், அவற்றில் பழைய எண்கள் உள்ளனவா, திருத்தப்பட்ட எண்கள் உள்ளனவா என்பதைச் சரிபார்ப்பது அவசியம்.

இறப்போர் யார்? எந்தச் சாலைகளில்?

2022இல் இறந்தோரில் 74,897 பேர், அதாவது 44.5 விழுக்காட்டினர், இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். 2016இல் இது 34.8 விழுக்காடாக இருந்தது. பாதசாரிகள் 32,825 பேர், இது 19.5 விழுக்காடு. 2016 ஆம் ஆண்டு அறிக்கையில் பாதசாரிகளின் பங்கு 10.5 விழுக்காடாகவே காட்டப்பட்டிருந்தது. அரசு அட்டவணைகள் பாதசாரிகளின் இறப்பைக் குறைத்துக் காட்டுகின்றன என்று தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த தினேசு மோகன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கூறி வந்தனர்.

இறந்தோரில் மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயது வரையுள்ளவர்கள். இவர்களில் பலர் குடும்பத்தின் வருமானத்தை ஈட்டுபவர்கள் என்பதால் ஓர் இறப்பு பல ஆண்டுகளுக்கு ஒரு குடும்பத்தின் பொருளாதாரத்தைப் பாதிக்கிறது. இறப்புகளில் ஏறத்தாழ 68 விழுக்காடு கிராமப்புறங்களில் நேர்ந்தவை. இங்கு அவசர ஊர்தி வருவதற்கும் அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையை அடைவதற்கும் அதிக நேரம் ஆகிறது.

சாலை வகைகளில், நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் சுமார் 2 விழுக்காடு மட்டுமே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் 61,038 பேர் இறந்தனர். இது மொத்த இறப்புகளில் 36.2 விழுக்காடு. மாநில நெடுஞ்சாலைகளில் 41,012 பேரும் பிற சாலைகளில் 66,441 பேரும் இறந்தனர். 2014இல் 91,287 கிலோமீட்டராக இருந்த தேசிய நெடுஞ்சாலைகளின் நீளம் 2023இல் 1,46,145 கிலோமீட்டராக உயர்ந்தது. நெடுஞ்சாலைகள் பல ஊர்களின் நடுவே செல்கின்றன. பள்ளிக்கும் வயலுக்கும் கடைக்கும் செல்வோர் வேகமாக வரும் வாகனங்களுக்கிடையே சாலையைக் கடக்க வேண்டியுள்ளது.

அமைச்சகத்தின் வகைப்பாட்டின்படி 2022ஆம் ஆண்டின் இறப்புகளில் 71.2 விழுக்காடு அதிவேகத்தால் ஏற்பட்டவை. இது விபத்தைப் பதிவு செய்யும் காவல் அலுவலர் குறிப்பிடும் காரணம் ஆகும். சாலை வளைவின் வடிவமைப்பு, வெளிச்சமின்மை, நடைபாதை இன்மை போன்ற பொறியியல் காரணங்கள் இத்தகைய படிவத்தில் எளிதில் இடம்பெறுவதில்லை. ஓட்டுநரின் தவறு மட்டுமே காரணமாகப் பதிவாகும்போது, அதே இடத்தில் மீண்டும் மீண்டும் விபத்து நடப்பதற்கான காரணம் கண்ணில் படாமல் போகிறது.

தலைக்கவசம் அணியாத 50,029 பேர் 2022இல் இறந்தனர். இவர்களில் 35,692 பேர் வாகனத்தை ஓட்டியவர்கள். 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். இருக்கைப் பட்டை அணியாமல் இறந்தோர் 16,715 பேர்.

சட்டங்களும் நீதிமன்றத் தலையீடுகளும்

1939 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 1988 ஆம் ஆண்டுச் சட்டம் 1989 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இது 2019இல் விரிவாகத் திருத்தப்பட்டது. தலைக்கவசம் அணியாமைக்கான அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாகவும், குடிபோதையில் வாகனம் ஓட்டுவதற்கான அபராதம் 2,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. அபராதப் பிரிவுகள் 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் செயல்படுத்தப்பட்டன.

சாலைப் பாதுகாப்பில் நீதிமன்றங்களின் பங்கும் குறிப்பிடத்தக்கது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மூட்டு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். இவ்வழக்கில் 2014 ஏப்ரலில் நீதிபதி கே. எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. மாநிலங்கள் சாலைப் பாதுகாப்புக் கொள்கை வகுப்பது, அடிக்கடி விபத்து நடக்கும் இடங்களைக் கண்டறிந்து சரிசெய்வது போன்றவற்றை இக்குழு கண்காணித்தது.

தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து 2015 சூலை 1 முதல் தலைக்கவசம் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தப்பட்டது. தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு வழக்கில் 2016 திசம்பரில் உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டர் தொலைவுக்குள் மதுக்கடைகள் இருக்கக் கூடாது என ஆணையிட்டது. 20,000 வரை மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிப் பகுதிகளுக்கு இத்தொலைவு பின்னர் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது.

வாகனங்களின் தரத்திலும் மாற்றங்கள் ஏற்பட்டன. 125 கன செ.மீ.க்கு மேற்பட்ட எஞ்சின் கொண்ட இருசக்கர வாகனங்களில் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் பிரேக் அமைப்பு 2018 ஏப்ரல் முதல் புதிய மாடல்களுக்கும், 2019 ஏப்ரல் முதல் எல்லா மாடல்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. மகிழுந்துகளின் மோதல் பாதுகாப்பை மதிப்பிட்டு நட்சத்திரக் குறியீடு வழங்கும் பாரத் என்கேப் திட்டம் 2023 அக்டோபரில் தொடங்கியது.

விபத்துக்குப் பிந்தைய சிகிச்சை

விபத்தில் காயமடைந்தவர் உயிர் பிழைப்பது எவ்வளவு விரைவாகச் சிகிச்சை கிடைக்கிறது என்பதைப் பெரிதும் சார்ந்தது. காவல் துறை நடைமுறைகளுக்காகக் காத்திராமல் காயமடைந்தவருக்கு உடனே சிகிச்சை அளிப்பது மருத்துவர்களின் கடமை என்று 1989இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காயமடைந்தவரை மருத்துவமனையில் சேர்ப்பவர் தொந்தரவுக்கு உள்ளாகாமல் காக்கும் வழிகாட்டு நெறிகளை 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இந்தப் பாதுகாப்பு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவாக இடம்பெற்றது.

தமிழ்நாட்டில் 2008இல் 108 அவசர ஊர்திச் சேவை தொடங்கப்பட்டது. 2021 திசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் தொடங்கப்பட்டது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சைச் செலவை ஒரு லட்சம் ரூபாய் வரை அரசே ஏற்கும் வகையில் இது தொடங்கப்பட்டது. காயமடைந்தவர் எந்த மாநிலத்தவர் என்பது கருதப்படுவதில்லை. நாடு முழுவதற்குமான கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை ஒன்றிய அரசு 2025 மே மாதம் அறிவிக்கை செய்தது. இதன்படி விபத்து நாளிலிருந்து ஏழு நாட்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குச் சிகிச்சை பெறலாம்.

இத்திட்டங்களுக்குத் தரவு நோக்கிலும் பயன் உண்டு. சிகிச்சைச் செலவு அரசிடமிருந்து கிடைப்பதற்கு விபத்து பதிவாக வேண்டும். இதனால் முன்பு விடுபட்டுப்போன காயங்கள் பதிவேட்டுக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது.

இலக்குகளும் தரவுச் சீர்திருத்தமும்

ஐக்கிய நாடுகள் அவை 2011 முதல் 2020 வரையிலான காலத்தைச் சாலைப் பாதுகாப்புக்கான செயற்பாட்டுப் பத்தாண்டாக அறிவித்தது. 2015இல் வெளியான பிரேசிலியா அறிவிக்கையில் இந்தியாவும் கையொப்பமிட்டது. சாலை விபத்து இறப்புகளையும் காயங்களையும் 2020க்குள் பாதியாகக் குறைப்பது இதன் நோக்கம். ஊரடங்கு நிலவிய 2020இல் கூட இந்தியாவில் இறப்புகள் 2010இன் எண்ணிக்கையைவிடக் கூடுதலாகவே இருந்தன. பாதியாகக் குறைக்கும் இலக்கு பின்னர் 2030க்கு மாற்றப்பட்டது.

தரவுகளைச் சீர்படுத்தும் பணியும் நடைபெறுகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கி, தேசிய தகவலியல் மையம் செயல்படுத்தும் ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தில், காவல் அலுவலர் விபத்து நடந்த இடத்திலிருந்தே கைப்பேசிச் செயலி வழியாக விவரங்களைப் பதிவு செய்கிறார். போக்குவரத்துத் துறை, நெடுஞ்சாலைத் துறை, மருத்துவமனை ஆகியவையும் அதே விபத்துக்கான தங்கள் விவரங்களைச் சேர்க்கும் வகையில் இது வடிவமைக்கப்பட்டுள்ளது. மருத்துவமனையில் பின்னர் நேரும் இறப்பு விடுபடாமல் இருப்பதற்கு இத்தகைய இணைப்பு இன்றியமையாதது.

பதிவு முறை மேம்படும்போது காயங்களின் எண்ணிக்கை முதலில் உயரும் என எதிர்பார்க்கலாம். அத்தகைய உயர்வைச் சாலைகள் மோசமானதன் அடையாளமாகக் கொள்ளக் கூடாது. அதுவரை மறைந்திருந்த காயங்கள் கணக்கில் சேர்வதாலும் அது நிகழலாம். அதேபோல் காயங்கள் குறைந்ததாகக் காட்டும் அறிக்கையை, அதே ஆண்டின் இறப்பு எண்ணிக்கையோடும் ஓர் இறப்புக்கான காயங்களின் விகிதத்தோடும் ஒப்பிட்ட பிறகே முன்னேற்றமாகக் கருத முடியும். இந்தியாவின் இறப்பு எண்ணிக்கை இன்னும் உச்சத்தைத் தாண்டிச் சரியத் தொடங்கவில்லை என்பதே 1970 முதலான தரவுகளிலிருந்து உறுதியாகக் கூறக்கூடிய முடிவாகும்.